பதினேழாவது கேள்வி

காலை ஏழு இருபது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர். நாற்பத்திரண்டாவது ஆள் தில்லைநாயகி, என் மனைவி.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அண்ணாச்சி, நீங்கள் நினைத்துக்கொண்டு வந்திருப்பதுபோல் விசா என்பது ஃபாரம் நிரப்புகிற வேலை மட்டும் இல்லை. ஃபாரம் நிரப்ப ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரத்தில் நிரப்பிக் கையில் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் என்னைத் தேடி வந்தது நல்லதாகப் போயிற்று. உட்காருங்கள். உங்கள் மனைவியின் காகிதங்களை அப்படியே மேஜைமேல் வையுங்கள். சத்தத்தைப் பொருட்படுத்தாதீர்கள். முன்னறையில் மெஷின் ஓடுகிறது. அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். இன்னொரு தடவை விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது. இங்கே பேசியது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

நான் சார்பதிவாளர் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றேன். பத்திரத்தில் கிழக்கு மேற்கு மாறியிருந்தால், அதைக் கொண்டுவருகிற ஆள் வாசல்படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிடும். தென்காசியில் கேட்டுப் பாருங்கள், ஆறுமுகநயினார் கை பட்ட காகிதம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அப்படிப்பட்டவன் வீட்டுக் காகிதம்தான் இரண்டு தடவை திரும்பி வந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். நித்திலா. கல்யாணமாகி அங்கே போய் நாலு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் வேலை. அவருக்குத் தாய் இல்லை. நித்திலாவுக்கு முதலில் தரித்தது ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அன்றைக்கு அவள் பக்கத்தில் யாரும் இல்லை. போன் போட்டாள். போட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. இங்கே தில்லைநாயகியும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும்.

மறுபடியும் தரித்தபோது டாக்டர் பிப்ரவரி கடைசி வாரம் என்று நாள் குறித்துக் கொடுத்தார். நித்திலா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “யம்மா, இந்தத் தடவை நீ வந்துரணும்.” இவளும் “வந்துருதேன்” என்று சொல்லிவிட்டாள். ஏதோ பக்கத்தில் இருக்கிற பாவூர்சத்திரத்துக்குப் போய்விட்டு வருகிற மாதிரி.

நான் போகவில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும். தவிர, இவள் காகிதத்தை நடத்திக் கொடுக்க இந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும் இல்லையா?

என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? வெள்ளைப் பின்னணியில் போட்டோ, இரண்டு காதும் தெரிய. வீட்டுப் பத்திரம். என் பென்ஷன் காகிதம். பெண்ணிடமிருந்து அழைப்புக் கடிதம். கல்யாணம் பதிவு செய்த சான்றிதழ். அதில்தான் முதல் இடி. ஊரில் எத்தனையோ ஜோடிகளுக்குப் பதிவு செய்து கொடுத்தவன், என்னுடையதை நான் பதிவு செய்யவில்லை. யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நான் உட்கார்ந்த அதே ஆபீசுக்கு, அதே நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். புதிதாக வந்திருக்கிறவர் கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டார். முப்பத்து நாலு வருஷத்துக்கு முந்தைய பத்திரிகை. இவள் தன் தையல் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். எதற்காக வைத்திருந்தாள் என்று கேட்டேன். “சும்மாதான்” என்றாள்.

இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நான் விசாரிக்கத் தொடங்கினேன். விசா கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள், கிடைத்தவர்களின் சம்பந்திகள் என்று பதினாலு பேரைப் பார்த்திருப்பேன். எல்லோரும் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, பிரசவத்துக்குப் போகிறேன் என்று சொல்லக்கூடாது. சொன்னால், பிள்ளை பார்க்கிற ஆயா வேலைக்குப் போகிறாள் என்று நினைப்பார்கள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொன்று, கைத்தொழில் ஏதாவது தெரியும் என்று மூச்சு விடக்கூடாது. அங்கேயே தங்கிச் சம்பாதிக்க ஆரம்பித்துவிடுவாள் என்று எழுதிவிடுவார்கள்.

எனக்கு இது நியாயமாகப் பட்டது. இவளுக்கு இந்தத் தையல் வேறு இருக்கிறது. தொழில் என்று சொல்ல முடியாது, பொழுது போவதற்காக நாலு ஜாக்கெட் தைப்பாள். பக்கத்து வீடுகளில் கொண்டுவந்து கொடுப்பார்கள். மூன்று மெஷின் கிடக்கிறது. ரோஸ்லின் என்று ஒரு பெண் இருபது வருஷமாக வந்து பட்டன் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சட்டை கொஞ்சம் வரும். முன்னறையில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்து வருஷக்கணக்கு ஆகிறது, எங்கே பார்த்தாலும் துணி.

ஆகவே ஃபாரத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் பிரவுசிங் சென்டர்க்காரரிடம் சொன்னேன், “ஒண்ணும் இல்லைன்னு போடுங்க.” அவரும் போட்டார். நித்திலா அழைப்புக் கடிதத்தில், என் பிரசவத்துக்கு அம்மாவின் துணை வேண்டும் என்று எழுதியிருந்தாள். அதைத் திருப்பி அனுப்பி மாற்றி எழுத வைத்தேன். “உள்ளதை எழுதினா என்னப்பா?” என்று கேட்டாள். உள்ளதை எழுதினால் போதும் என்றால் பத்திரம் எழுத ஆள் எதற்கு என்று கேட்டேன். மாற்றிக் கொடுத்தாள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு ஒரு கேள்வி, கீழே பதில் என்று எழுதினேன். இரண்டு மாதம் காலையும் மாலையும் இவளை உட்காரவைத்துக் கேட்பேன். இவள் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே பதில் சொல்வாள். ஊசியைக் கீழே வை என்றால், “காதுதான கேக்கணும், கைக்கு என்ன?” என்பாள். பதினேழாவது கேள்வி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? பதில், வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் மட்டும் நிறுத்தி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அக்டோபர் பதினாலாம் தேதி சென்னையில் நேர்காணல். அதுதான் நான் சொன்ன ஏழு இருபது. வாசலில் போன் கூடாது, பை கூடாது. எதிர்ச் சாரியில் அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வதற்கென்றே ஒரு கடை. டோக்கன் தருகிறார்கள். அங்கே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள், உள்ளே ஆளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு. முதலில் இவளோடு வரிசையில் நின்றேன். வாசலில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்து, “ஆறுமுகநயினார்” என்று கூப்பிட்டார். நான் இருக்கிறேன் என்று முன்னால் போனேன். “நீங்க இல்ல சார், அவங்க” என்றார். பாஸ்போர்ட்டில் இவளுக்குக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. நான்தான் எழுதிக் கொடுத்தேன், அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது என்று. இவளை யாரும் அப்படிக் கூப்பிட்டது கிடையாது என்பதால் இவள் பேசாமல் நின்றாள். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது நானே தோளைத் தொட்டு, “உன்னைத்தான்” என்றேன். என் பெயர் உள்ளே போயிற்று. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உள்ளே காத்திருந்தது இரண்டரை மணி நேரம். ஜன்னலுக்கு முன்னால் நின்றது இரண்டு நிமிஷம். கையில் ஒரு காகிதத்தோடு சாலையைக் கடந்து வந்தாள். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

என்ன கேட்டார்கள் என்றேன். மூன்று கேள்வி. எதற்குப் போகிறீர்கள்? “சும்மா, ஊர் பார்க்க.” மகள் எப்படி இருக்கிறாள்? “நல்லாருக்கா.” நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? “வீட்டுல சும்மாதான் இருக்கேன்.” அவ்வளவுதான். தமிழில் கேட்க ஒரு பெண் இருந்ததாம். அந்தப் பெண் வெள்ளைக்கார ஆபீசரிடம் ஏதோ சொன்னதாம். அவர் தலையை ஆட்டினாராம்.

நாற்பது கேள்வி எழுதிக் கொடுத்தேன், மூன்று கேட்டார்கள். அதில் இரண்டுக்கு சும்மா.

“யாராவது அந்த இடத்துல போயி சும்மான்னு சொல்லுவாகளா?” என்று கேட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்கதான எழுதித் தந்திய” என்றாள்.

எழுதித் தந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் எழுதியது ஒரு அர்த்தத்தில். அதைச் சொல்கிற விதத்தில் சொல்ல வேண்டும், கொஞ்சம் நிமிர்ந்து நின்று. இவள் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? வீட்டில் எது கேட்டாலும் அதுதானே பதில். கண் ஏன் சிவந்திருக்கிறது, சும்மா. சாப்பிடாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறாய், சும்மா. முப்பத்து நாலு வருஷமாக எனக்குச் சொன்ன பதிலை ஆபீசருக்கும் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் காகிதத்தை நான் ரயிலில் மூன்று தடவை படித்தேன். திரும்பி வருவதற்கான காரணம் உங்களுக்குச் சொந்த ஊரில் இருப்பதாக எங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று போட்டிருந்தது. கையெழுத்து கிடையாது. எங்கள் ஆபீசுக்கு இப்படி ஒரு காகிதம் வந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். திருப்பி அனுப்பப்பட்டது என்னவோ இவள்.

மறுபடியும் விண்ணப்பம் போடலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் நேர்காணலுக்குத் தேதி வேண்டும். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஏப்ரல் என்று காட்டியது. நான் தினமும் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். யாராவது ரத்து செய்தால் அந்தத் தேதி நமக்கு விழும் என்றார்கள். காலையில் பார்ப்பேன், ஏப்ரல். மத்தியானம் பார்ப்பேன், ஏப்ரல். பிள்ளை பிப்ரவரியில் பிறக்கப் போகிறது. யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் ஆபீஸ் என்றால் ஒரு மேலதிகாரி இருப்பார், மேஜைக்கு முன்னால் போய் நிற்கலாம். இங்கே ஒரு முகம் கிடையாது. போன் நம்பருக்கு அடித்தால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். நித்திலாவுக்கு டாக்டர் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது தலைமாட்டில் தண்ணீரும் பிளாஸ்க்கும் வைத்துவிட்டுப் போவார். அவள் போன் போட்டு, “தேதி விழுந்துச்சாப்பா?” என்று கேட்பாள். நான் இவளிடம் போனைக் கொடுத்துவிடுவேன்.

ஜனவரியில் விழுந்தது. இருபத்தொன்றாம் தேதி. அதைப் பிடித்தது நான் இல்லை. ரோஸ்லின் வீட்டுக்காரர் போனில் பார்த்துப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இவளும் ரோஸ்லினும் போய் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பிவிட்டு வந்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. “எதுக்குப் போறோம்னு எழுதியிருக்கே?” என்று கேட்டேன். “எதுக்குப் போறனோ அதுக்கு” என்றாள். நோட்டை எடுத்தேன். “அது வேண்டாம்” என்றாள். ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டு பட்டன் கட்டிக்கொண்டிருந்தது. “இந்தத் தடவ அக்கா சொல்லட்டும் சார்” என்றது.

அன்றைக்கும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை ஜன்னலுக்கு முன்னால் பதினைந்து நிமிஷம் நின்றாளாம். என்ன நடந்தது என்று ரயிலில் இவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒன்றும் சேர்க்கவில்லை.

எதற்குப் போகிறீர்கள் என்றதும், மகளுக்குப் பிரசவம், முதல் பிள்ளை தங்கவில்லை, அவள் பக்கத்தில் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். என்ன வேலை என்றதும், “தையல்காரி. இருபத்தாறு வருஷமாச்சு” என்று சொல்லியிருக்கிறாள். திரும்பி வருவீர்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார்கள். இவள் காகிதக் கட்டிலிருந்து மூன்று பள்ளிக்கூடத்து லெட்டரை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளியிருக்கிறாள். “ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்கும். நானூத்தி இருவது சட்ட. மே மாசம் நான் வந்து வெட்டிக் கொடுக்கலன்னா பிள்ளைக பழைய சட்டையோடதான் போகணும்.”

நானூற்று இருபது. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும், அண்ணாச்சி.

அந்த ஆபீசர் சிரித்தாராம். நல்ல சிரிப்பு என்று சொன்னாள். தமிழ் பேசுகிற பெண்ணும் சிரித்ததாம். இவளுக்கு மனசுக்குள் மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்ததாம். பிறகு அவர் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அக்டோபரில், தொழில் இல்லை, வீட்டில் சும்மா இருக்கிறேன் என்றீர்கள். ஊர் பார்க்கப் போகிறேன் என்றீர்கள். அன்றைக்குக் கொடுத்த மகளுடைய கடிதத்திலும் பிரசவம் என்று இல்லை. இப்போது வேறு சொல்கிறீர்கள். எது உண்மை?

“இதுதான் உண்மை” என்றிருக்கிறாள்.

அப்படியானால் அன்றைக்குச் சொன்னது?

பின்னால் நிற்கிறவர்கள் இருமினார்களாம். அப்புறம் சொல்லியிருக்கிறாள், “அது சும்மா சொன்னது.”

மறுபடியும் பாருங்கள், அதே வார்த்தை. அந்தப் பெண் அதை எப்படி இங்கிலீஷில் சொல்லியிருக்கும்? பொய் சொன்னேன் என்றுதான் சொல்லியிருக்கும். வேறு எப்படிச் சொல்ல முடியும்? ஆபீசர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அச்சடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அதே காகிதம்.

“என் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லச் சொன்னாருன்னு சொல்லியிருக்கலாம்லா?” என்று கேட்டேன். எனக்கு அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. காரியம் ஆக வேண்டும் இல்லையா?

இவள் ரயில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாஸ்போர்ட்ல என் பேருக்குப் பக்கத்துல உங்க பேருதான இருக்கு” என்றாள். “ரெண்டு பேருல யாரு பொய் சொன்னாலும் அவுகளுக்கு ஒண்ணுதான்.”

விருத்தாசலத்தில் இறங்கி இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே வலி. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் போனைத் தலைமாட்டில் சாய்த்துவைத்துவிட்டார். இங்கே இவள் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் துணிமேல் வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில், இவள் வீட்டில் இருந்தும் பகல் முழுக்க மெஷின் ஓடாதது அன்றைக்கு ஒரு நாள்தான். அது ஓடும்போது எனக்குக் காதில் விழுந்ததே கிடையாது, ஓடாதபோது விழுந்தது. நடுவில் ஒரு தடவை நித்திலா மூச்சு வாங்கிக்கொண்டு, “யம்மா, என்ன செய்தே?” என்று கேட்டாள். இவள், “சும்மாதான் இருக்கேன், நீ சொல்லு” என்றாள். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றே முக்காலுக்குக் குழந்தை அழுதது. பெண். போனில் பார்த்தோம். இவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்துவிட்டு, “தோளு சின்னதா இருக்கு, பிரிச்சுத் தைக்கணும்” என்றாள்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. நவம்பரிலிருந்து குழந்தைச் சட்டை தைத்து வைத்திருக்கிறாள், கையில் கொண்டுபோகலாம் என்று. புதுத் துணி பிறந்த உடம்பில் உரசும் என்று என்னுடைய பழைய வேட்டிகளைக் கிழித்துத் தைத்திருக்கிறாள். சலவைக்காரர்தான் தொலைத்துவிட்டார் என்று நினைத்து அவரோடு சண்டை பிடித்திருந்தேன். பதினொரு சட்டை. சாயங்காலம் உட்கார்ந்து பதினொன்றுக்கும் தோளைப் பிரித்துத் தைத்தாள். மறுநாள் போஸ்டாபீசுக்குப் போனோம். வெளிநாட்டுப் பார்சல் என்றால் அதற்கும் ஒரு ஃபாரம் இருக்கிறது. பேனாவை எடுத்தேன். “கொடுங்க” என்று வாங்கிக்கொண்டாள். உள்ளே என்ன? குழந்தைச் சட்டை. அனுப்புகிறவர் பெயர்? தில்லைநாயகி, டெய்லர். அந்த ஃபாரத்தில் தொழில் என்ற கட்டமே கிடையாது. கேட்காததை எல்லாம் எழுதக்கூடாது என்று சொன்னேன். கவுன்டரில் இருந்தவர், பரவாயில்லை சார் என்று முத்திரை குத்திவிட்டார்.

சரி, உங்கள் காகிதத்துக்கு வருவோம். பாஸ்போர்ட் சரியாக இருக்கிறது. போட்டோவில் காது தெரிகிறது. கடிதம் இருக்கிறது. தொழில் என்ன போடட்டும்? உங்கள் மனைவி என்ன செய்கிறார்? மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறாரா? எத்தனை கடைக்கு? சரியாகத் தெரியாதா? அதைத் தொழில் என்று சொல்ல முடியுமா என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. நானாக இருந்தால், ஒன்றும் இல்லை என்றுதான் போடுவேன்.

இருங்கள். பேனா வேண்டாம். இந்தப் பென்சிலால் போட்டுவையுங்கள். வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்சலா? அது போய்ச் சேர்ந்துவிட்டது. மார்ச் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.